கறை ஒட்டாத வேட்டி: பந்திக்குச் சரி, செம்மண்ணுக்கு ஆகாது

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் 'கறை ஒட்டாது' என்று லேபிள் போட்ட வெள்ளைக் காட்டன் வேட்டி வாங்கினேன். சாதாரண வேட்டியைவிட 200 ரூபாய் போலக் கூடுதல். கடைப் பையன் மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினான், உருண்டு ஓடியது. அது பெரிய வித்தையில்லை, மெழுகு ஏற்றின துணியிலும் சிலிக்கான் ஏற்றின துணியிலும் தண்ணீர் அப்படித்தான் ஓடும். எண்ணெயை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன், ஊறாமல் மணி மாதிரி நின்றது. அப்படியானால் ஃப்ளூரினும் கார்பனும் சேர்ந்த ஃப்ளூரோகார்பன் என்ற ரசாயனப் பூச்சாகத்தான் இருக்க வேண்டும், எண்ணெயைத் தடுப்பது அந்த வகைதான். அந்த வகையின் பழைய பூச்சுகளோடு வந்த பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தை 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், அதாவது எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில், ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். இதில் இருப்பது எந்தப் பூச்சு என்று லேபிளில் ஒரு வரிகூட இல்லை. கடையில் கேட்டால், "நல்ல ஐட்டம் சார், தைரியமா எடுங்க" என்பதுதான் பதில்.

சரி, கட்டிப் பார்த்தால் எப்படி? கல்யாணப் பந்திக்கு அருமை. பக்கத்து இலைக்காரரின் கை பட்டு ரசம் மடியில் சாய்ந்தது, மடிப்பு வழியாக அப்படியே தரைக்கு இறங்கிவிட்டது, காகிதத்தை வைத்து ஒற்றி எடுத்தேன், மஞ்சள்கூடத் தங்கவில்லை. ஆனால் ஒற்றத்தான் வேண்டும். அழுத்தித் தேய்த்தால் பூச்சையும் மீறித் திரவம் நூலுக்குள் போய்விடும், பாயசம் சிந்தியபோது பக்கத்தில் இருந்த மாமா பாசமாகத் தேய்த்துவிட்ட இடம் இன்னும் தெரிகிறது.

செம்மண்தான் இதன் எமன். தக்கலைப் பக்கம் தோட்டத்துக்குக் கட்டிப் போய், வரப்பில் உட்கார்ந்து எழுந்தால் போதும். பஞ்சு இழை உருண்டையான கம்பி இல்லை, முறுக்கிய தட்டை நாடா மாதிரி இருக்கும், மேலெல்லாம் சுருக்கமும் பள்ளமும். திரவம் உள்ளே இறங்காமல் பூச்சு தடுக்கும், ஆனால் உட்கார்ந்து, உரசி, அழுத்தி ஏற்றும் பொடி மண் அந்தப் பள்ளங்களில் அடைந்துகொள்ளும். செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடு என்பதால் பிளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது. வாழைக்கறையும் பாதி வெற்றிதான், உடனே ஒற்றினால் போகிறது, காயவிட்டால் பழுப்பாகிப் பிடித்துக்கொள்கிறது.

இந்த மண்ணுக்குப் பழைய கஞ்சியே மேல். கஞ்சி இழையின் பள்ளங்களை நிரப்பிவிடும், அழுக்கு அதன் மேல் உட்காரும், துவைக்கும்போது கஞ்சி கரைய அழுக்கும் கூடவே போகும். நம் வீட்டில் வடிப்பது சிவப்புச் சம்பா, அந்தக் கஞ்சியில் வெள்ளை வேட்டியை முக்கினால் மங்கிப்போகும், அதனால் அம்மா மரச்சீனி (மரவள்ளி) மாவைக் காய்ச்சி வடிகட்டித்தான் போடுவார்கள். இந்த வேட்டிக்கும் போட்டுப் பார்த்தேன். தண்ணீரையே ஏற்காத துணியில் கஞ்சி எப்படிப் பிடிக்கும்? திட்டுத் திட்டாகக் காய்ந்தது.

இன்னொரு குறை வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் காட்டன் கட்டுவதே அது உறிஞ்சும் என்றுதான், இது சரியாக உறிஞ்சுவதில்லை, இடுப்பில் பிசுபிசுவென்று நிற்கிறது.

வாங்குகிறவர்கள் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மணத்துக்கு ஊற்றும் எதையும் சேர்க்காதீர்கள், அது பூச்சின் மேல் படிந்து வேலையைக் கெடுக்கும். சோப்பு போக நன்றாக அலசி, காய்ந்தபின் காட்டன் சூட்டில் இஸ்திரி போடுங்கள். துவைத்துச் சோர்ந்த பூச்சு அந்தச் சூட்டில் ஓரளவு உயிர் பெறுகிறது, இஸ்திரி போடாத நாளில் சாயா சிந்தியபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மடிப்பு விழுந்து உரசும் இடங்களில் மட்டும் என்ன செய்தாலும் முன்போல இல்லை.

கல்யாண சீசனுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதே பூச்சில் சட்டையும் தொங்கவிட்டிருக்கிறார்கள், காலரில் ஏறும் அழுக்கு நாள் முழுக்க உரசி ஏறுவது என்பதால் அதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.