நாசிக் ஒயினரி உணவகம்: சீஸ் சில்லென்று வருகிறது, ரெட் வெதுவெதுப்பாக வருகிறது

கோடை தொடங்கியதும் மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கத்து ஒயினரி (திராட்சைத் தோட்டத்தோடு சேர்ந்த ஒயின் ஆலை) விடுதிகள் அறை வாடகையைக் குறைத்திருக்கின்றன. இப்போது போகலாமா, சாப்பாடும் கவனிப்பும் எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் வாட்ஸப்பில் அடங்காமல் போனதால் இங்கே எழுதுகிறேன். தோட்டம் தெரியும் மொட்டைமாடி, வரிசையாக நிற்கும் டேஸ்டிங் கிளாஸ்கள், விறகடுப்பு பீட்சா எல்லாவற்றையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் வழக்கமாகப் போகும் இடத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் பல மேசைகளில் இதே குறைதான். ஒருவரை மட்டும் திட்டினால் நியாயமாக இருக்காது.

குறை இதுதான்: ரெட் ஒயினைச் சூடாகக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்.

சூடு என்றால் ஆவி பறக்கும் சூடு இல்லை. ஏப்ரல் மாத மதியம், மொட்டைமாடி நிழலிலேயே 36, 37 டிகிரி. பார் அலமாரியில் காலையிலிருந்து நிற்கும் ஷிராஸ் பாட்டில் கிளாஸுக்கு வரும்போது 28 டிகிரியாவது இருக்கும். ஷிராஸ், கேபர்னே போன்ற கனமான ரெட்டைக் குடிக்கச் சரியான வெப்பம் 16 முதல் 18 வரை. ஜின்ஃபண்டேல் என்கிற ரெட் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலும் அழகாக இருக்கும். பத்து டிகிரி கூடினால் என்ன ஆகும்? நாசிக் ஷிராஸில் ஆல்கஹால் 13, 14 சதவீதம். சூட்டில் முதலில் மேலெழுவது அதுதான். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் பழ வாசனைக்கு முன்னால் ஸ்பிரிட் நெடி வந்து குத்துகிறது. புளிப்பு மழுங்கிவிடும். பழச்சுவை காய்ச்சிய ஜாம் மாதிரி கனத்துப் போகும். அதன் மேல் காரமான கறியைச் சாப்பிட்டால் மிளகாயின் எரிச்சலும் ஆல்கஹாலின் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். "இந்திய ஒயின் அவ்வளவுதான்பா" என்று எழுந்துபோகிறவர்களில் பாதிப் பேர் குடித்தது கெட்ட ஒயின் இல்லை, சூடான ஒயின்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சாப்பிடுவதற்கு முன்னால் ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள். வெயில் ஏறினால் பழம் சூடாகி வாசனை போய்விடும் என்பதால், ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான அறுவடையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவதாகச் சொல்வார்கள். எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்ந்த திரவம் ஓடும் உறை, ஒவ்வொரு தொட்டியிலும் டிஜிட்டல் வெப்பமானி, ஒயிட் ஒயினை 15 டிகிரியை ஒட்டி மெதுவாக நொதிக்க வைக்கும் பொறுமை, பீப்பாய் அறையில் நுழைந்ததும் கையில் மயிர் சிலிர்க்கும் குளிர் என்று ஒவ்வொன்றையும் பெருமையாகக் காட்டுவார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். பிறகு அதே ஒயின் ஐம்பது அடி தள்ளி பார் கவுண்டரில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்றிரண்டு வருடம் ஒரு டிகிரிக்குக் கணக்குப் பார்த்தவர்கள் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு சின்ன ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கமாட்டார்களாம்.

இத்தனைக்கும் ஃப்ரிட்ஜ் இல்லாமல் இல்லை. அதில் சீஸ் இருக்கிறது! சீஸ் பிளாட்டர் கேட்டால் 4 டிகிரியில் கல் மாதிரி வரும். சீஸை வெளியே எடுத்து அரை மணி நேரம் விட்டால்தான் கொழுப்பு இளகி மணம் வரும். நாசிக் வெயிலில் அதற்கு இருபது நிமிடம் தாராளம். ஆக, வெளியே இருக்க வேண்டியது உள்ளே, உள்ளே இருக்க வேண்டியது வெளியே.

ஏன் இப்படி என்று பரிமாறுகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் காரணம் சோம்பல் இல்லை என்று தெரியும். "ஒயிட்டைக் குளிரவை, ரெட்டை அறை வெப்பத்தில் கொடு" என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடம் ஐரோப்பாவில், சென்ட்ரல் ஹீட்டிங் வருவதற்கு முந்தைய கல் வீடுகளில் உருவானது. அங்கே அறை என்றால் 16, 17 டிகிரி. நம் ஊர் அறையில் அந்த வாக்கியத்துக்கு வேலை இல்லை. பயிற்சிக் கையேட்டில் 'அறை வெப்பம்' என்பதை அடித்துவிட்டு '17' என்று எழுதினால் தீர்ந்தது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரெட் பாட்டில் சொல்லும்போதே ஐஸ் பக்கெட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "சார், ரெட்டுக்கு ஐஸ் போடக்கூடாது" என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டு வாங்குங்கள். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் இருக்க வேண்டும். வெறும் ஐஸில் சொருகினால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், பாட்டில் குளிர அரை மணி நேரமாகும். தண்ணீர் இருந்தால் கண்ணாடி முழுவதையும் குளிர் தொடும். கழுத்து வரை முங்க வைத்து, நடுவில் ஒருமுறை பாட்டிலை மெல்லச் சுழற்றினால் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். அதற்கு மேல் விடாதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் கேபர்னேயின் டானின் என்கிற துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும், கசப்பு மட்டும்தான் தெரியும். பிறகு பாட்டிலை வெளியே எடுத்து நிழலில் வைத்து, கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள். 150 மில்லியை ஒரே தடவையில் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் பழையபடி சூடாகிவிடும். அவசரம் என்றால் பக்கெட்டில் ஒரு கைப்பிடி உப்பு போடலாம், வேகம் கூடும். ஆனால் உப்பு கேட்டால் எலுமிச்சையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

பாட்டில் வேண்டாம், ஒரு கிளாஸ் போதும் என்பவர்கள் கோடையில் ரெட் பக்கமே போகாதீர்கள். கிளாஸ் கணக்கில் விற்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ். சனி, ஞாயிறில் அரை மணி நேரத்தில் காலியாகிவிடும். செவ்வாய், புதனில் திறந்த பாட்டில் இரண்டு, மூன்று நாள் கிடக்கும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்குகிற ரெட், அலமாரியில் 30 டிகிரியில் ஒரே நாளில் வாடிவிடும். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறிய வாசனையும் லேசான வினிகர் நெடியும் அடித்தால் அது பழைய பாட்டில். "எப்போது திறந்தது?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல இடத்தில் பாட்டில் கழுத்தில் தேதி எழுதிய ஒட்டுத்தாள் இருக்கும். அங்கேயே தயாரித்த ஒயின் என்பதால் புதிதாக ஒன்றைத் திறக்க அவர்கள் கணக்குப் பார்ப்பதும் இல்லை. கேட்டால் திறந்துவிடுகிறார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் இந்த இடங்களுக்கு வரும் மதிப்புரைகள் இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நாசிக்கில் வெப்பம் 10 டிகிரி வரைகூட இறங்கும். அந்த மாலைகளில் அதே அலமாரி, அதே பாட்டில், அதே சர்வர். ஆனால் ஷிராஸ் யாரும் எதுவும் செய்யாமலே சரியான பதத்தில் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் விழுகிறது. மே மாதம் வந்தவர் இரண்டு போடுகிறார். நிர்வாகம் இரண்டுக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதுகிறது.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது. ஒயிட் ஒயினைக் கையாள்வதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சோவிஞ்ஞான் பிளாங்க் சில சமயம் கூடுதலாகக் குளிர்ந்து வாசனை மூடிக்கிடக்கும். கிளாஸின் வயிற்றைக் கையால் ஐந்து நிமிடம் பிடித்தால் திறந்துகொள்ளும், அது பிரச்சினையே இல்லை. குமிழி விடும் ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டில் திறப்பதை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கம்பிக் கூண்டை ஆறு அரைத் திருப்பில் தளர்த்தி, கட்டை விரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காமல், பாட்டிலைச் சாய்த்து, கார்க்கைப் பிடித்தபடி பாட்டிலை மட்டும் திருப்புகிறார்கள். பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. டப்பென்று வெடிக்கவிட்டால் நுரையும் குமிழியும் தரையில். இந்தக் கைப்பழக்கம் உள்ள சர்வர்களுக்குப் பத்து நிமிட ஐஸ் தண்ணீர் விஷயத்தை யாரும் சொல்லித்தரவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சாப்பாட்டில் எதிர்பாராத சந்தோஷம் பீட்சா இல்லை, மராத்தியச் சாப்பாடுதான். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பிட்லா (கடலைமாவுக் குழம்பு), பாக்ரி (சோளம் அல்லது கம்பு ரொட்டி), டேச்சா என்று ஒதுங்கிக் கிடக்கும், தேடிப் பிடியுங்கள். டேச்சா என்பது பச்சை மிளகாயையும் பூண்டையும் சுட்டு, உப்போடு கரகரப்பாக இடித்தது. வேர்க்கடலை சேர்ப்பதும் உண்டு. இதற்குக் கொஞ்சம் இனிப்பு மிச்சம் வைத்த ஷெனின் பிளாங்க் என்ற ஒயிட் அவ்வளவு பொருத்தம். மிளகாய்க்கு எதிரி ஆல்கஹாலும் டானினும். ஷெனினில் முதலாவது குறைவு, இரண்டாவது ஏறக்குறைய இல்லவே இல்லை. இனிப்பு எரிச்சலை அணைக்கிறது, புளிப்பு கடலைமாவின் மந்தத்தை வெட்டுகிறது. ஒரு வாய் டேச்சா தடவிய பாக்ரி, ஒரு மடக்கு ஷெனின். இதைப் பரிந்துரைக்காமல் ஏன் எல்லோரையும் பாஸ்தா பக்கம் தள்ளுகிறார்கள் என்று புரியவில்லை.

பீட்சா சாப்பிடுவதானால் மதியம் பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். மாலையில் சூரிய அஸ்தமனக் கூட்டம் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்கும். விறகடுப்பின் தரைக்கல் ஒவ்வொரு பீட்சாவுக்கும் கொஞ்சம் சூட்டை இழக்கும். நடுவில் விட்டுப் பிடித்தால்தான் திரும்ப ஏறும். அடுத்தடுத்து போட்டால் மேலே சீஸ் கருகும், அடிமாவு வெளுத்துத் தொளதொளவென்று இருக்கும். துண்டை எடுத்தால் நுனி தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை, அடுப்பு களைத்துவிட்டது.

கிளாஸைப் பற்றி ஒரு வரி: ஒயின் ஊற்றும் முன்னால் வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஈரத்துணி நாற்றம் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல ஒயினையும் அது கெடுத்துவிடும்.

பில்லில் உணவுக்கு ஜிஎஸ்டி, ஒயினுக்கு மாநில வாட் என்று தனித்தனியாக இருக்கும். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உணவுக்குப் பெரும்பாலும் 5 சதவீதம். நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை விடும் விடுதிக்குள் உள்ள உணவகம் என்றால் 18. சேவைக் கட்டணம் என்று ஒரு வரி தானாக வந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது. அதற்குப் பதில் அந்தப் பணத்தை ஸ்பார்க்ளிங் திறந்தவர் கையில் நேராகக் கொடுங்கள்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மது விற்காத உலர் நாட்கள். நீண்ட விடுமுறை என்று மும்பையிலிருந்து வண்டி கட்டி வந்து, தோட்டத்தைப் பார்த்தபடி எலுமிச்சை சோடா குடிக்கும் குடும்பங்களை ஒவ்வொரு குடியரசு நாளிலும் பார்க்கலாம். ஓட்டிப் போகிறவர் டேஸ்டிங்கைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி என்றாலே ஒரு முழு கிளாஸ் ஆகிவிடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்கிற சட்ட எல்லையைப் பலருக்கு அதுவே தொட்டுவிடும். மேசையில் துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரம் அதற்குத்தான். இரவு ஒன்பதுக்கு மேல் தோட்டப் பக்கம் வாடகைக் கார் கிடைப்பது கஷ்டம், போகும்போதே திரும்புவதற்கும் பேசிவிடுங்கள்.

ஆக, நண்பரே: சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஒயிட் அருமை, ஸ்பார்க்ளிங் பிரமாதம், பணியாளர்கள் தங்கமானவர்கள், கேட்டதைச் செய்கிறார்கள். ஐந்துக்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் நான்கு வரும் என்று எனக்கும் தெரிகிறது. ஜனவரியில் கேட்டிருந்தால் நான்கே சொல்லியிருப்பேன், நீங்கள் ஏப்ரலில் கேட்டுவிட்டீர்கள். குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டுப் போவதானால் வார நாளில் போய், மதியச் சாப்பாட்டுக்கு ஷெனினும் பிட்லாவும் சொல்லுங்கள். ரெட் பாட்டிலைக் கடையில் வாங்கி அறைக்கு எடுத்துப் போய், அங்கே இருக்கும் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடியுங்கள்.