சார்ஜில் கிடக்கும் போனுக்கு ஒரு வேலை: ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் சேவர் விமர்சனம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா அழைத்தார். போனில் இடம் போதவில்லை என்று வேண்டாத செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தவர், பட்டியலில் ‘பேசிக் டேட்ரீம்ஸ்’ என்றும் ‘போட்டோ ஸ்கிரீன்சேவர்ஸ்’ என்றும் இரண்டு பெயர்களைக் கண்டு திகைத்திருக்கிறார். “ஏம்ப்பா, இதை நான் போடவே இல்லையே, நீக்கவும் முடியலை. எவனாவது உள்ளே புகுந்துட்டானா?” என்று கேட்டார். அவை போனோடு பிறந்தவை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்த பிறகுதான், எத்தனையோ ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தும், சார்ஜ் ஏறும் நேரத்தில் திரையில் கடிகாரமோ படங்களோ காட்டும் இந்த ஸ்கிரீன் சேவர் வசதியை நானே ஒருநாளும் ஒழுங்காகப் பயன்படுத்தியதில்லை என்பது உறைத்தது. அன்றிரவிலிருந்து ஒரு மாதம், படுக்கைக்குப் பக்கத்திலும் கூடத்திலுமாக அதை இயக்கிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த விசித்திரமான பெயரைப் பற்றி. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.2 பதிப்பில் இந்த வசதி அறிமுகமானபோது கூகுள் அதற்கு ‘டேட்ரீம்’, அதாவது பகற்கனவு, என்று பெயரிட்டது. 2016-இல் தன்னுடைய மெய்நிகர் காட்சித் தளத்துக்கும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டதால், இது ஸ்கிரீன் சேவர் என்ற பழைய, எல்லாருக்கும் தெரிந்த பெயருக்குத் திரும்பியது. அந்த மெய்நிகர் தளம் 2019-இல் கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் போனின் உள்நிரலில் இந்தச் சேவைக்கு இன்றும் ‘ட்ரீம் சர்வீஸ்’ என்றுதான் பெயர். செயலிப் பட்டியலிலும் பல போன்களில் அந்தப் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தப்பாவைப் பயமுறுத்தியது அந்த எச்சம்தான்.

கணினித் திரைகள் கண்ணாடிக் குழாயாக இருந்த காலத்தில், ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையின் உட்பூச்சில் அதன் தழும்பு விழுந்துவிடும் என்பதற்காக ஸ்கிரீன் சேவர் பிறந்தது. சில விநாடிகளில் தானாக அணைந்துவிடும் போன் திரைக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை. ஆகவே பெயரில்தான் ‘சேவர்’ இருக்கிறதே தவிர, இது எதையும் காப்பாற்றுவதில்லை. சார்ஜில் சும்மா கிடக்கும் நேரத்தில் போனைக் கடிகாரமாகவோ படச்சட்டமாகவோ மாற்றுவதுதான் இதன் வேலை. அப்படிப் பார்த்தால்தான் இதை நியாயமாக மதிப்பிட முடியும்.

அமைப்புகளில் ‘டிஸ்பிளே’ என்ற பகுதிக்குள் இது இருக்கிறது. கண்ணில் படவில்லையென்றால் அமைப்புகளின் தேடல் பெட்டியில் ஸ்கிரீன் சேவர் என்று தட்டிப் பார்க்கலாம்; சில நிறுவனங்கள் தங்கள் போன்களில் இந்தப் பக்கத்தை மறைத்தே வைத்திருப்பதால், தேடியும் கிடைக்காமல் போகக்கூடும். கிடைத்தவர்களுக்கு அங்கே இருக்கும் முடிவுகள் இரண்டுதான்: எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது. சார்ஜ் ஆகும்போது, டாக் என்னும் தாங்கியில் அமர்த்தும்போது, இரண்டில் எதுவானாலும் என்ற தெரிவுகள் இரண்டாவதற்கு உண்டு. டாக் என்பது 2012-இல் போன் தயாரிப்பாளர்கள் கண்ட ஒரு கனவு. நம் வீடுகளுக்கு அது பெரும்பாலும் வந்து சேரவேயில்லை என்பதால், சார்ஜ் ஆகும்போது என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள், நானும் முதல் இரவில் ஏமாந்தேன். எல்லாவற்றையும் சரியாக அமைத்து, சார்ஜரைச் செருகி, பழக்கதோஷத்தில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தித் திரையை அணைத்துவிட்டு, ஏன் ஒன்றும் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்துவது ‘தூங்கு’ என்ற நேரடிக் கட்டளை; போன் அதற்குக் கீழ்ப்படிந்து தூங்கிவிடும். ஸ்கிரீன் சேவர் வர வேண்டுமானால் திரை தானாக அணையும் நேரம்வரை போனைத் தொடாமல் விட வேண்டும். அந்தக் கணத்தில் போனின் இயங்குதளம், சார்ஜ் ஏறுகிறதா, ஸ்கிரீன் சேவர் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தூங்குவதற்குப் பதிலாகக் கனவு காணத் தொடங்கும். பத்து நிமிடத்தில் திரை அணையும்படி வைத்திருப்பவர்கள் அந்தப் பத்து நிமிடமும் பொறுக்கத்தான் வேண்டும். செயலி உருவாக்குபவர்களுக்கான டெவலப்பர் அமைப்புகளில் சார்ஜ் ஏறும்போது திரை அணையவே கூடாது என்ற தெரிவை என்றோ இயக்கிவிட்டு மறந்தவர்களுக்கு, திரை அணையும் கணமே வராது என்பதால், ஸ்கிரீன் சேவரும் ஒருபோதும் வராது. இந்த நுணுக்கத்தை அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் தெளிவாக எழுதியிருந்தால், ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டவர்களில் பாதிப் பேராவது மிஞ்சியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

காட்சிகளில் ‘கலர்ஸ்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரை முழுவதும் வண்ணங்கள் மெல்ல ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரைந்துகொண்டே இருக்கும். முதல் ஐந்து நிமிடம் அழகு, பிறகு இருட்டறையில் கண்ணை உறுத்தும் விளக்கு. சேவையை இயக்கியதும் சில போன்களில் இதுவே தெரிவாகி நிற்பதால், பலர் இதைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று அணைத்துவிடுகிறார்கள்.

‘போட்டோ டேபிள்’ அப்படியல்ல. மரமேசையின் மேல் யாரோ பழைய வெள்ளை விளிம்புப் படங்களை ஒவ்வொன்றாகப் போடுவதுபோல, நம் கேலரியிலிருந்து படங்கள் சற்றே சாய்ந்து விழுந்து குவிகின்றன. விரலால் ஒரு படத்தைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். மற்ற ஸ்கிரீன் சேவர்கள் தொட்டவுடன் மறைந்துபோக, இது மட்டும் விரலுக்கு இணங்கி விளையாடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை அரை மணி நேரம் இதை வைத்துக்கொண்டு படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதன் சகோதரனான ‘போட்டோ பிரேம்’ ஒரே படத்தைத் திரை முழுக்கக் காட்டி மெதுவாக மாற்றுவது. அமைதியானது, ஆனால் உயிர் குறைவு.

இரண்டாவது வாரத்தில் இந்தப் போட்டோ டேபிள்தான் என்னைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. கூடத்து மேசையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே சென்றிருந்தேன். வந்திருந்த உறவினர்கள் சுற்றி அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது, அண்ணன் மகளின் காதுகுத்துப் படத்துக்கும் கோயில் கோபுரப் படத்துக்கும் நடுவே, எங்கோ அனுப்புவதற்காகப் படமெடுத்து வைத்திருந்த என் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும், தோலில் வந்த தடிப்பை மருத்துவருக்குக் காட்டுவதற்காக எடுத்த படமும் மேசை நிறையப் பரந்து கிடந்தன. அத்தை ஒன்றும் சொல்லாமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் பூட்டப்பட்டிருந்தது, ஆனால் ஸ்கிரீன் சேவர் பூட்டுத் திரைக்கு மேலே விரிவது என்பதால், கடவுச்சொல் தெரியாதவர்களும் அதில் ஓடும் படங்களைப் பார்க்க முடியும். தவறு என்னுடையதுதான். அந்தக் காட்சியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொட்டால் எந்த எந்த ஆல்பங்களிலிருந்து படம் எடுக்கலாம் என்று கேட்கும். நான் யோசிக்காமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்திருந்தேன். இப்போது அதற்கென்றே ஓர் ஆல்பம் உருவாக்கி அதை மட்டும் வைத்திருக்கிறேன். கேமரா கோப்புறையையும் ஸ்கிரீன்ஷாட் கோப்புறையையும் யாரும் தயவுசெய்து தேர்ந்தெடுக்க வேண்டாம்.

என் வாக்கு கடிகாரத்துக்கு. கூகுளின் கிளாக் செயலியோடு வரும் இந்த ஸ்கிரீன் சேவர், கறுப்புப் பின்னணியில் நேரத்தையும், சிறிய எழுத்தில் தேதியையும், அடுத்த அலாரம் எத்தனை மணிக்கு என்பதையும் காட்டுகிறது. எண் வடிவம், முள் வடிவம் இரண்டும் உண்டு. இதன் அமைப்பில் இருக்கும் இரவுப் பயன்முறையை இயக்கினால் எழுத்து மிக மங்கலாகி, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும் அளவில் நிற்கும். மூக்குக் கண்ணாடியைத் தேடாமல், போனைக் கையில் எடுத்து முகத்தில் வெளிச்சம் அடிக்காமல், படுத்தபடியே மணி பார்க்க முடிகிறது என்பது சிறிய வசதிதான். நடு இரவில் விழித்துக்கொண்டு, மணி பார்க்கப் போனைத் தொட்டு, வாட்ஸ்அப்பில் நுழைந்து, தூக்கத்தைத் தொலைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கூர்ந்து கவனித்தால் இன்னொன்றும் புலப்படும்: நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் மெல்ல மங்கி, திரையில் வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றுகிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் ஒரே புள்ளிகள் இரவெல்லாம் எரிந்தால் நாளடைவில் தழும்பு விழும் என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. எதையும் காப்பாற்றுவதில்லை என்று மேலே எழுதிய குற்றச்சாட்டைக் கடிகாரத்துக்கு மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மின்சாரக் கணக்கும் இதே காரணத்தால் மாறுகிறது. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி என்றால் அணைந்த புள்ளி. ஆகவே கடிகாரம் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. எல்சிடி திரையில் கறுப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு முழுவதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அந்த வகை போன் வைத்திருப்பவர்களுக்கு இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், போனும் சற்றுச் சூடாகும். சார்ஜ் ஏறும் சூட்டோடு திரையின் சூடும் சேர்வது பேட்டரிக்கு நல்லதல்ல என்பதால், எல்சிடி போனில் இரவு முழுவதும் படங்களை ஓடவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மடிக்கணினியின் யுஎஸ்பி துளைபோன்ற பலவீனமான இணைப்பில், ஏறுவதைவிட இறங்குவது அதிகமாகிவிடுமோ என்ற கவலைக்கும் போனின் இயங்குதளத்திலேயே பதில் இருக்கிறது. கனவு தொடங்கியபோது இருந்த அளவிலிருந்து பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறங்கினால், அது தானாகக் காட்சியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆண்ட்ராய்டின் மூல நிரலில் அந்த இயல்பு அளவு 5 விழுக்காடு.

சித்தப்பாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். காட்சி ஓடாத நேரத்தில் இந்தச் சேவை பின்னணியில் விழித்திருந்து எதையும் செய்வதில்லை. தேவைப்படும்போது இயங்குதளம் இதை எழுப்புகிறது, தொட்டவுடன் விட்டுவிடுகிறது. அப்படி எழுப்பும் உரிமையும் இயங்குதளத்துக்கு மட்டுமே உண்டு, ஆண்ட்ராய்டு 5.0 முதற்கொண்டு அதற்கெனத் தனி அனுமதியே வகுக்கப்பட்டிருக்கிறது. இயங்குதளத்துக்கான பகுதியில் பதிந்திருப்பதால் இதை நீக்க முடியாது, முடக்கத்தான் முடியும். முடக்கினாலும் நம் படங்களுக்கோ செயலிகளுக்கோ சொல்லிக்கொள்ளும்படியான இடம் கிடைத்துவிடாது. வேண்டாதவர்கள் ஸ்கிரீன் சேவர் பக்கத்தில் அணைத்து வைத்தால் போதும். பிளே ஸ்டோரிலிருந்து தனியாக ஒரு ஸ்கிரீன் சேவர் செயலியை இறக்குபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்: மணி காட்டும் செயலி தொடர்புப் பட்டியலுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கேட்டால், அதை இறக்காமலிருப்பதே நல்லது.

இதைப் பலர் ‘ஆல்வேஸ் ஆன் டிஸ்பிளே’ என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது போன் தூங்கும்போது திரையின் சில புள்ளிகளை மட்டும் எரியவிடுவது, சார்ஜர் இல்லாமலும் இயங்கும், அறிவிப்புக் குறிகளையும் காட்டும். ஸ்கிரீன் சேவரில் போன் அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது; அறிவிப்புகளை அது காட்டாது, அழைப்போ அலாரமோ வந்தால் வழிவிடும். ஆப்பிள் 2023-இல் ஐஓஎஸ் 17-இல் கொண்டுவந்த ‘ஸ்டேண்ட்பை’யோடு ஒப்பிட்டால், ஆண்ட்ராய்டின் வசதி பதினோரு ஆண்டு மூத்ததாக இருந்தும் ஏழ்மையாகவே தெரிகிறது. ஐபோனைச் சார்ஜில் போட்டுப் படுக்கைவாட்டில் நிறுத்தினால் கடிகாரம், நாட்காட்டி, வானிலை எல்லாம் அழகாக வந்து நிற்கின்றன, இருட்டறையில் எழுத்து தானாகச் சிவப்பாகிறது. கூகுள் இதை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பல ஆண்டுகள் பரணில் போட்டுவைத்திருந்தது. 2023-இல் வந்த பிக்சல் டேப்லெட்டை அதன் ஸ்பீக்கர் தாங்கியில் அமர்த்தும்போதுதான் பழைய டாக் கனவுக்கு ஓரளவு உருவம் கிடைத்தது.

ஒரு மாத முடிவில் என் போனில் மிஞ்சியிருப்பது இரவுப் பயன்முறையில் கடிகாரம், சார்ஜ் ஆகும்போது மட்டும், திரை அணையும் நேரம் ஒரு நிமிடம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று, அமைப்புப் பக்கத்தில் இல்லாத அந்த ஒரு வரி விளக்கத்துக்காக. எதிர்பாராத ஒரு பயனையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இரவில் மின்சாரம் போனால், இன்வெர்ட்டர் மின்விசிறியைத் தொடர்ந்து ஓட்டிவிடுவதால் அது போனதே தெரியாது. போனின் சார்ஜரை இன்வெர்ட்டரோடு இணைக்காத பிளக்கில்தான் செருகியிருக்கிறேன். ஆகவே கரண்ட் போன கணத்தில் சார்ஜ் நின்று, தலைமாட்டில் இருந்த கடிகாரமும் மறைந்துவிடுகிறது. விழிக்கும்போது அங்கே இருட்டாக இருந்தால், எழுந்துபோய்த் தேவையில்லாத விளக்குகளை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன்.