வீட்டைக் காட்டத்தான் சாவி கொடுத்தோம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்க நினைப்பவர்கள் சாவியைப் புரோக்கரிடம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன சீசனில் எங்களுக்கு நடந்தது.

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் வழியில் அப்பா கட்டிய வீடு. மூன்று அறை, ஒரு ஃபயர்பிளேஸ், பின்பக்கம் தேயிலைச் சரிவு. அம்மா போனபின் இரண்டு வருடம் பூட்டியே கிடந்தது. நான் கோயம்புத்தூரில், தங்கை திருப்பூரில். விற்றுவிடலாம் என்று முடிவானதும், தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு புரோக்கரைப் பிடித்தோம். கமிஷன் இரண்டு சதவீதம் என்று பேச்சு.

வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், காலி வீட்டைக் காட்டினா எவனும் வாங்க மாட்டான். வீடு வீடா இருக்கணும்." அதில் தப்பே இல்லை. மலையில் பூட்டிய வீட்டுக்குள் நுழைந்தாலே ஓதமும் பூஞ்சை வாடையும் முகத்தில் அறையும். ஆட்களை விட்டுச் சுவரைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். உண்மையில் பெயிண்டைவிட, நாலு நாள் காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து, மஞ்சு என்கிற மூடுபனி இறங்குவதற்குள் சாத்தியதுதான் அதிகம் வேலை செய்தது.

அப்புறம் ஒரு பட்டியல் கொடுத்தார். இரண்டு கட்டிலுக்குப் புது மெத்தை, எட்டுத் தலையணை, கனமான கம்பளி, இரண்டாவது பாத்ரூமுக்கும் கீசர், மின்சாரக் கெட்டில், பத்துப் பேருக்குத் தட்டு, டம்ளர், ஃபயர்பிளேஸ் பக்கத்தில் அழகாக அடுக்கிய விறகு. "பார்க்கிறவங்களுக்கு ஒரு ஃபீல் வரணும் சார்." எல்லாமாகச் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல் போனது. வீடு வாங்க வருபவன் பத்துத் தட்டில் எதைச் சாப்பிடப் போகிறான் என்று தங்கை அப்போதே கேட்டாள். எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசாதே என்று அவளை அடக்கியது நான்தான்.

பிப்ரவரியில் இரண்டு செட் சாவியையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். ஏப்ரலிலிருந்து வாராவாரம் போன் வரும். "சனிக்கிழமை ஒரு பார்ட்டி வந்தாங்க சார், ரொம்பப் பிடிச்சிருக்கு, யோசிச்சுச் சொல்றாங்களாம்." அடுத்த வாரம் இன்னொரு பார்ட்டி. எல்லாம் சனி, ஞாயிறுதான். வேலைக்குப் போகிறவர்கள் லீவு நாளில்தானே வருவார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் முதல் வாரம் மின்வாரியத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பூட்டிய அந்த வீட்டுக்குப் பில் என்று எதுவும் வந்ததே இல்லை. இப்போது 612 யூனிட், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். மீட்டர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். புரோக்கரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் வேகமாகவே.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஊட்டியில மலர்க் கண்காட்சி, இங்க காய்கறிக் கண்காட்சி, உங்க வீட்டுல தினம் ஒரு கண்காட்சி. நீங்கதான் டூரிஸ்டுக்கு விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் தம்பி. ஒரு வண்டிகூட நம்ம நீலகிரி நம்பர் டி.என். 43 கிடையாது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டு."

மறுநாள் காலையிலேயே மலையேறினேன். வீட்டு வாசலில் குடிதண்ணீர் பாட்டில்கள் மூட்டையாகக் கிடந்தன. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பது உள்ளூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உள்ளே புது மெத்தையில் கறை, ஃபயர்பிளேஸுக்கு மேல் சுவர் முழுக்கக் கரி. அந்தப் புகைபோக்கியில் குருவிக் கூடு அடைத்துக்கொண்டதால் அப்பாவே கடைசிப் பத்து வருடம் அதில் தீ மூட்டவில்லை. வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

சமையலறைப் பின்கதவு பிளந்து கிடந்தது. "அது கரடி சார்" என்றார் புரோக்கர். அந்த ஒன்று மட்டும் உண்மை. எண்ணெய் வாடைக்குக் கரடி கதவை உடைப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. ஆனால் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத கரடி, மிச்சப் பிரியாணியும் எண்ணெய்ப் பாக்கெட்டும் உள்ளே கிடந்தபிறகுதானே வந்திருக்கிறது?

விற்பனைக்கென்று அவர் எடுத்த அதே படங்கள் தங்கும் விடுதி விளம்பரமாக வாட்ஸ்அப்பில் சுற்றியதைத் தங்கை கண்டுபிடித்தாள். ஒரு இரவுக்கு ஆறாயிரம். எங்கள் கம்பளி, எங்கள் கீசர், எங்கள் பத்துத் தட்டு. அவர் பட்டியல் போட்டது வாங்க வருகிறவர்களுக்காக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய தொழிலுக்கு நாங்கள் முதல் போட்டிருக்கிறோம்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கினோம். கூப்பிட்டு விசாரித்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தார், பணம் கொடுக்கவில்லை. "நீங்கதானே சார் சாவி கொடுத்தீங்க" என்று அங்கேயே நின்று கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. வீட்டு இணைப்பில் விடுதி நடத்தினால் மின்வாரியம் அபராதம் கேட்பது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான். அனுமதியில்லாமல் டூரிஸ்டைத் தங்கவைத்த கேள்வியும் வீட்டுக்காரரிடம்தான் வரும்.

கரியையும் கதவையும்கூட விட்டுவிடலாம். மே மாதம் நிஜமாகவே ஒரு குடும்பம் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது. உள்ளே டூரிஸ்டுகள் இருந்ததால், "இது அட்வான்ஸ் ஆயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவர்களே பின்னால் அந்த அக்காவிடம் விசாரித்திருக்கிறார்கள். நான் நம்பர் தேடிக் கூப்பிட்டபோது அவர்கள் குன்னூரில் வேறு வீடு முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்கை எந்தப் புகாரில் எழுதுவது?

இப்போது பூட்டெல்லாம் மாற்றியாயிற்று. ஒரு சாவி என்னிடம், ஒன்று அந்த அக்காவிடம். மெத்தை, கெட்டில், தட்டு எல்லாவற்றையும் கோவைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெறும் வீடுதான், ஆனால் சுத்தமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு நானே போய்த் திறந்து வைக்கிறேன். பார்க்க வருபவர்களைக் காலையிலேயே வரச் சொல்கிறேன், மதியத்துக்குமேல் மஞ்சில் பின்பக்கத் தேயிலையே தெரியாது. கிளம்பும்போது மீட்டரை ஒரு போட்டோ. பத்திரம் கேட்டால் ஜெராக்ஸ்தான்.

போன ஞாயிறு ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி ஒருவர் வந்தார்கள். அந்த அம்மா சமையலறைக் கதவில் புதுப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க கரடி வருமா?" என்று கேட்டார். வரும், எண்ணெயை வெளியில் வைக்காதீர்கள் என்றேன். இன்னும் போன் வரவில்லை.