பேக்-12இல் கைவிடப்பட்ட நால்வர்: போனவர்களா, நின்றவர்களா?

2023இல் பெரிய கல்லூரிகள் வெளியேறி, அமெரிக்க மேற்குக் கரைக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பான பேக்-12 கான்ஃபரன்ஸ் உடைந்தபோது, அமெரிக்கன் ஃபுட்பாலில் நான்கு கல்லூரிகள் நடுத்தெருவில் நின்றன. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிழக்குக் கரையின் ஏசிசி கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. பெரிய மேடைதான், ஆனால் டிவி பணத்தில் ஒரு முழு உறுப்பினருக்குக் கிடைக்கும் பங்கில் ஆரம்பத்தில் சுமார் 30 சதவீதம்தான், அதுக்கு பெர்க்லி அணி ஃப்ளோரிடாவின் டல்லஹாசி வரை பறக்கணும்; ஃபுட்பாலாவது வாரம் ஒன்று, வாலிபால் ஆடும் பிள்ளைகள் எப்போது படிப்பார்கள்?

ஒரேகான் ஸ்டேட்டையும் வாஷிங்டன் ஸ்டேட்டையும் கூப்பிட ஆளில்லை. கோர்ட்டுக்குப் போய் கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, இரண்டே அணியாக 2024, 2025 சீசன்களை ஓட்டி, பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் எல்லாம் 2026இல் சேர வழிசெய்தன. வருமானம் அடிவாங்கியது, சரி. ஆனாலும் என் ஓட்டு இவர்களுக்கே. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் மாதிரி சின்ன ஊரை அம்போவென்று விட்டுப்போன பெரிய கல்லூரிகள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.