நீலப் பெட்டி ரிலே போர்டு: கடற்கரை வீட்டுக்குத் தாங்குமா?

மாடித் தொட்டி மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்த நினைப்பவர்கள் முதலில் வாங்குவது நீலப் பெட்டி போன்ற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று பொருத்திய 5 வோல்ட் ஒற்றை ரிலே போர்டைத்தான். விலை பெரும்பாலும் 100 ரூபாயைத் தாண்டாது. அந்த விலைக்கு அருமையான சாமான். ஆனால் மண்டபம், கீழக்கரை, தொண்டி போன்ற கடலோர ஊர்ப் பக்கம் வாங்கியபடியே மாட்டிவிடக் கூடாது. மோட்டாரை நேராக அதில் கொடுக்கவே கூடாது.

ரிலேயின் உள்ளே இருக்கும் காயிலின் (கம்பிச் சுருள்) தடை சுமார் 70 ஓம். 5 வோல்ட் கொடுத்தால் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். இதை இயக்கும் கன்ட்ரோலரான ஆர்டுயினோ யூனோவின் ஒரு பின்னிலிருந்து (இணைப்பு முனை) 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல என்பதால், அந்தப் பின் போர்டில் உள்ள ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் திறக்கிறது, டிரான்சிஸ்டர் காயிலை ஓட்டுகிறது. காயில் காந்தமாகி இரும்புத் தகட்டை இழுக்க, காம் எனும் பொது முனை, ரிலே அணைந்திருக்கும்போது தொட்டிருக்கும் என்சி முனையை விட்டு, அப்போது தொடாமலிருக்கும் என்ஓ முனையைத் தொடுகிறது. அரை வாட்டுக்கும் குறைவான சக்தி 230 வோல்ட் வழியைத் திறப்பது இப்படித்தான். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. காயிலுக்குக் குறுக்கே இருக்கும் சின்ன டயோடை அலட்சியப்படுத்த வேண்டாம். காயில் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அதுதான் விழுங்குகிறது. அது இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ரிலே மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அது ஹீட்டர், குண்டு பல்பு போன்ற சுமைக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1 எச்பி ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். தொட்டுத் துள்ளும் கான்டாக்டில் அந்தக் கரன்ட் பொறி பறந்து இரு முனைகளையும் ஒட்ட வைத்துவிடும். போர்டில் விளக்கு அணைந்திருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி வழிவதோடு போகாது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் பம்பும் எரியும்.

சரியான வழி, ரிலேயை ஒரு கான்டாக்டரின் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) 230 வோல்ட் காயிலுக்கு மட்டும் சுவிட்சாக வைப்பது. எம்சிபி-யிலிருந்து (கரன்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) ஃபேஸ் காமுக்கு, என்ஓ-விலிருந்து கான்டாக்டர் காயிலின் ஒரு முனைக்கு, மறுமுனை நியூட்ரலுக்கு. கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகை ஸ்னப்பர் (மின் துள்ளலை அடக்கும் ரெசிஸ்டர், கெபாசிட்டர் ஜோடி) போட்டால் கன்ட்ரோலர் திடீரென ரீசெட் ஆவது பெரும்பாலும் நிற்கும். கான்டாக்டர் வாங்கும்போது மோட்டார் சுமைக்கான ஏசி-3 ஆம்பியரைப் பாருங்கள். ஹீட்டர் போன்ற சுமைக்கான ஏசி-1 எண் பெரிதாக இருக்கும், மோட்டாருக்கு அது உதவாது. இறால் பண்ணை ஏரேட்டர்களுக்கும் இதே அமைப்புதான், கான்டாக்டர் மூன்று ஃபேஸையும் வெட்டும். மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைக் கழற்றிவிடாதீர்கள்.

நம் பக்கத்து உப்புக்காற்று ரிலேயின் உள்ளே போவதற்கு முன் போர்டின் அடிப்புறத்தைத் தின்னும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 230 வோல்ட் ஓடும் தடத்துக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் நடுவே கசிவுப் பாதை உருவாகும். இந்த விலைப் போர்டுகளில் அந்த இடைவெளியே குறைவு. ரிலேக்கு அடியில் போர்டை வெட்டிப் பிளவு விட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸை (பற்றவைத்தபின் மிஞ்சும் பசை) கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிப்புறம் முழுக்க கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரத்தைத் தடுக்கும் மேல்பூச்சு) இரண்டு பூச்சு. திருகு டெர்மினலை டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள். தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத ஐபி65 பெட்டியில் கேபிள் கிளாண்ட் (வயர் நுழையும் இறுக்கி) கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ஓட்டையை அடைக்க வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம், அதன் அமிலமே செம்பைப் பச்சையாக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

ஈஎஸ்பி8266 போன்ற 3.3 வோல்ட் கன்ட்ரோலருடன் லோ-டிரிகர் (பின் வோல்ட் தாழ்ந்தால் ஆன் ஆகும்) போர்டு சில சமயம் அணையவே அணையாது. கன்ட்ரோலரின் பின் 3.3 வோல்ட்டுக்கு உயர்ந்தாலும் போர்டின் 5 வோல்ட்டுடன் 1.7 வோல்ட் வித்தியாசம் மிஞ்சுகிறது, ஆப்டோகப்ளரின் (ஒளி வழியே சிக்னல் கடத்தும் சில்லு) எல்இடிக்கு அது போதும். ஹை, லோ மாற்றும் ஜம்பர் உள்ள போர்டை வாங்கி ஹையில் வையுங்கள். ரிலே "டிக்" சத்தம் போட்டும் போடாமலும் தடுமாறினால் போர்டைக் குறை சொல்லும் முன் அதற்கு 5 வோல்ட் வரும் விசிசி பின்னில் வோல்ட்டை அளந்து பாருங்கள். காயிலுக்கு 3.75 வோல்ட்டாவது கிடைத்தால்தான் அது இழுக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். மெல்லிய சார்ஜர் வயரில் அதுவே குறைந்துவிடும்.