பழையபேட்டையில் தைத்த கோட்டு

தங்கையின் திருமணத்துக்காகக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள ஒரு சிறிய தையற்கடையில் கோட்டும் இரண்டு பேண்ட்டுகளும் தைக்கக் கொடுத்திருந்தேன். அளவெடுக்கும்போது மாஸ்டர் முதலில் பார்த்தது மார்பையோ இடுப்பையோ அல்ல, தோளைத்தான். "இடுப்பைப் பிறகு பிடிக்கலாம், தோள் தவறினால் கோட்டையே பிரிக்க வேண்டும் தம்பி" என்றார். என் வலத்தோள் சற்றுத் தாழ்ந்திருப்பதை (வீட்டாரே இதைக் கவனித்ததில்லை) குறித்துக்கொண்டு, அந்தப் பக்கம் மட்டும் மெல்லிய பஞ்சு அடுக்கு ஒன்றைக் கூடுதலாக வைத்துத் தைத்திருந்ததால், கோட்டின் கழுத்துப் பகுதி சட்டைக் காலரோடு இடைவெளியின்றிப் படிந்து நின்றது. கை நீளமும் சரி. கோட்டுக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிகிறது. கீழ்ப் பொத்தானைப் போடாமல் விட வேண்டும் என்பதையும் அவரே சொல்லி அனுப்பினார்.

பேண்ட்டில்தான் குறை. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தாமல் தைத்துவிட்டதால், முதல் சலவையிலேயே முக்கால் அங்குலம் சுருங்கி, ஷூவின் மேல் தொட வேண்டிய விளிம்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது. நல்லவேளையாக உள்மடிப்பில் 2 அங்குலத் துணி விட்டிருந்தார்கள். கூலி வாங்காமல் பிரித்து இறக்கிக் கொடுத்தாலும், பழைய மடிப்பின் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. சொன்ன தேதிக்கு 4 நாள் தாமதம் வேறு. முகூர்த்த மாதங்களில் தைப்பவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே துணியைக் கொடுத்து, இடையில் ஒருமுறை போட்டுப் பார்க்கக் கேட்பது நல்லது.