அதிசயம் பூங்கா: ஊருக்குள் தங்குவதா, பரவைப் பக்கம் தங்குவதா?

மதுரை–திண்டுக்கல் சாலையில், பரவையில் உள்ள அதிசயம் என்னும் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் ஊருக்குள், மதுரை ரயில் நிலையத்தை ஒட்டிய மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி விடுதிகளில் தங்கலாம். அல்லது விளாங்குடி, பரவைப் பக்கமே அறை தேடலாம்.

ஊருக்குள் தங்கினால், விடிந்ததும் சித்திரை வீதிகளில் நடந்து, இளவெயில் படும் கோபுரங்களை ஆசை தீரப் படமெடுக்கலாம். இரவில் எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசிக்குத் தடை இருப்பதால், வெளியே எடுப்பதுதான் மிஞ்சும். பூங்காவுக்குப் போகும் நாளில் மட்டும், ஈரத்துணி மூட்டையோடும் களைத்த பிள்ளைகளோடும் மாலை நெரிசலைக் கடந்து திரும்ப வேண்டியிருக்கும். கைக்குழந்தை உள்ளவர்களுக்குப் பரவைப் பக்கமே நல்லது. மற்றவர்களுக்கு ஊரைத்தான் சொல்வேன்.

பக்கத்தில் தங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராக வெக்கைக்குள் கொண்டுவந்தால், லென்ஸில் நீராவி படிந்து, முதலில் எடுக்கும் படங்களெல்லாம் மங்கிவிடும். ஆகவே, காலையில் அறையில் குளிக்கும் நேரத்திலேயே அதைப் பையோடு ஏ.சி. இல்லாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது. ஊரிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு வழியிலேயே அந்தச் சூடு ஏறிவிடும்.

சறுக்கிலிருந்து தெறிக்கும் துளிகள் தனித்தனியாகத் தெரிய, ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை) 1/1000 விநாடிக்கு வைக்க வேண்டும். நீர்புகா உறைக்குள் இருக்கும் கைப்பேசியின் தொடுதிரை ஈரவிரலுக்குச் சரியாக இசையாது என்பதால், ஒலியளவுப் பொத்தானை அழுத்தி எடுப்பதே நம்பகமானது.